வீடு மாறிய காலத்தில் எழுதிய உணவுக் குறிப்பேடு

சிங்கப்பூரின் தெங்காவில் என் ஈரறை வீட்டின் சாவியைப் பெற்றுக்கொள்ளலாம் என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமிருந்து (வீவக) கடிதம் வந்த அதே வாரத்தில்தான், பலதுறை மருந்தகத்தின் உணவியல் நிபுணர் ஒரு தாளைக் கொடுத்து, அடுத்த சந்திப்பு வரை நாள்தோறும் உண்பதையெல்லாம் எழுதி வரும்படி சொன்னார். அது 2024ஆம் ஆண்டு. எனக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபோர்மின் மட்டும் போதாமல் போனதால் மருத்துவர் கிளிபிசைட் என்ற மாத்திரையையும் சேர்த்திருந்தார். புதிய மாத்திரையோடு என் உணவு எப்படி ஒத்துப்போகிறது என்று பார்ப்பதற்காகவே அந்தக் குறிப்பேடு. வீடு மாறுவது எல்லாரும் செய்வது, குறிப்பேடு எழுதுவது பத்து நிமிட வேலை என்றுதான் அப்போது தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. வீடு மாறிய தோழிகளுக்கு நீரிழிவு இல்லை. நீரிழிவு உள்ள உறவினர்கள் முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர்கள். என்னைப் போலவே ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் மூட்டையுமாக வேறொருவர் நிற்கக்கூடும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் காலமான பிறகு ஈசூனில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். திருமணமாகாதவர்கள் பொதுவாக 35 வயது ஆன பிறகே தனியாக வீவக வீடு வாங்கலாம். நான் விண்ணப்பித்த காலத்தில், கழகத்திடமிருந்து நேரடியாகப் புதிய வீடு வாங்குவதானால் முதிர்ச்சியடையாத, அதாவது இன்னும் வளர்ந்துவரும், வட்டாரங்களில் ஈரறை ஃபிளெக்ஸி வீடு மட்டுமே எங்களுக்குக் கிடைக்கும். தெங்கா அப்படிக் கிடைத்ததுதான். சாவி கைக்கு வந்த நேரத்தில் அண்ணன் மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. "வேலையெல்லாம் முடிஞ்சு நிதானமா போயேன்மா, யாரு உன்னைத் துரத்துறா?" என்று அண்ணி பலமுறை சொன்னார். ஆனாலும் புதுப்பெண் வந்து இறங்கும் வீட்டில் அவர்களுக்கென்று ஓர் அறை இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சமையலறை முடிவதற்கு முன்பே நான் குடிபோனதற்குக் காரணம் அதுதான். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

குறிப்பேட்டில் நான்கு பத்திகள் இருந்தன: நேரம், உண்ட பொருள், அளவு, ரத்தச் சர்க்கரை. உணவுக்கு முன் லிட்டருக்கு 4.0 முதல் 7.0 மில்லிமோல் வரை, உண்டு இரண்டு மணி நேரம் கழித்து 10.0க்குக் கீழ் என்பது மருத்துவர் எனக்கு வகுத்த இலக்கு. அண்ணி வீட்டில் இருந்தவரை இதை எழுதுவது எளிதாகவே இருந்தது. எந்தக் கிண்ணம், எந்தக் கரண்டி என்பதெல்லாம் கைக்குப் பழகியவை. சோறு 100 கிராம் என்றால் அதில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கும் என்று உணவியல் நிபுணர் விளக்கியிருந்தார். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, அண்ணி வீட்டு நீலக் கிண்ணத்தில் எந்தக் கோடு வரை போட்டால் 100 கிராம் என்று தெரிந்துகொண்ட பிறகு, தராசே தேவைப்படவில்லை. "நீலக் கிண்ணம், பூவுக்குக் கீழே" என்று எழுதினாலே எனக்குப் புரிந்துவிடும். இங்கே முதல் யோசனையைச் சொல்கிறேன்: வீடு மாறப்போகிறவர்கள், பழகிய கிண்ணம் ஒன்றையும் கரண்டி ஒன்றையும் மற்ற பாத்திரங்களோடு சேர்த்துக் கட்டாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு தெரிந்த கிண்ணம் கையை விட்டுப் போன நாளிலிருந்து குறிப்பேட்டின் மூன்றாவது பத்தி வெறும் ஊகமாகிவிடுகிறது. என் நீலக் கிண்ணம் அண்ணி வீட்டிலேயே தங்கிவிட்டது. புது வீட்டில் காகிதத் தட்டுகளில் உண்ட வாரங்களில் நான் எழுதிய அளவுகளைப் பார்த்தால், "கொஞ்சம்", "ஒரு தட்டு", "பாதிக்கு மேல்" என்றெல்லாம் இருக்கின்றன. அவற்றை வைத்து எந்த நிபுணரும் எதையும் கணக்கிட முடியாது.

மூட்டை கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே சர்க்கரை ஏறத் தொடங்கியது என்பதைப் பின்னர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அதற்கான காரணம் எளிமையானது. ஆனால் பலர் கவனிப்பதில்லை. வீடு மாறுமுன் இருக்கும் பொருள்களைத் தீர்க்க வேண்டும் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். அலமாரியில் மிஞ்சிக் கிடப்பவை எவை? சேமியா, ரவை, கோதுமை மாவு, பீஹூன், பிஸ்கட், மைலோ, உறைபெட்டியில் கிடக்கும் ரொட்டி பராட்டா. கீரையும் மீனும் காயும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். புதிதாக வாங்கவும் மனம் வராது. ஆகவே கடைசி வாரங்களில் தட்டில் விழுவதெல்லாம் மாவுச்சத்தாகவே இருக்கும். என் பக்கங்களில் காலை ரவை உப்புமா, மதியம் சேமியா, இரவு பராட்டா என்று ஒரே நாளில் மூன்று வேளையும் எழுதியிருக்கிறேன். அவை அண்ணி வீட்டில் என் பங்குக்கு வாங்கி வைத்திருந்த பொருள்கள். தூக்கி எறிய மனமில்லை. இப்போது யாராவது கேட்டால், பிரிக்காத பொட்டலங்களை அண்டை வீட்டாருக்கோ உணவு நன்கொடை பெறும் இடங்களுக்கோ கொடுத்துவிட்டு, கடைசி வாரத்திலும் கையளவு காய் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். ஐந்து வெள்ளி (டாலர்) பெறும் சேமியாவைக் காப்பாற்றுவதற்காக உடல் கொடுக்கும் விலை அதைவிட அதிகம்.

பொருள்களை ஏற்றிச் செல்லும் நாள் வந்தது. காலை 10 மணிக்கு லாரி வரும் என்று சொல்லியிருந்தார்கள். கிளிபிசைட்டை உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன் விழுங்க வேண்டும். நான் வழக்கம்போல் 8 மணிக்கு விழுங்கிவிட்டு இட்லிக்காகக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. லாரி கீழே வந்துவிட்டது, அடுத்த வீட்டு வேலை இருக்கிறது, உடனே இறக்க வேண்டும் என்றார்கள். அதன்பிறகு இட்லி என் நினைவிலேயே இல்லை. மின்தூக்கியில் ஏறி இறங்கி, பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்து, லாரியின் முன் இருக்கையில் அமர்ந்து தெங்கா போய்ச் சேர்ந்தபோது 11 மணி தாண்டிவிட்டது. புதுப் புளோக்கின் கீழே நின்று கொண்டிருந்தபோது கைவிரல்கள் நடுங்கின. வெயில் என்று நினைத்தேன். கழுத்தில் வழிந்த வியர்வை சில்லென்று இருந்தது. வெயிலில் வரும் வியர்வை அப்படி இருக்காது. கையில் இருந்த பொருள் பட்டியலின் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று மூளையின் ஒரு மூலைக்குத் தெரிகிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மற்ற பகுதிக்குத் தோன்றவில்லை. குளுக்கோமீட்டர் "படுக்கையறை" என்று எழுதிய பெட்டிக்குள் ஒட்டி மூடப்பட்டு லாரியில் இருந்தது. அருகில் திறந்திருந்த கடை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூட்டை இறக்க வந்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, மொதல்ல உட்காருங்க. எங்கம்மாவுக்கும் சுகர், இப்படித்தான் வரும்" என்று சொல்லி, தன் பையிலிருந்த குளிர்பானப் புட்டியைத் திறந்து கையில் கொடுத்தார். நான் அதைக் குடித்து முடிக்கும்வரை அவர் பெட்டியைத் தொடவில்லை. அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் மீது எனக்கு இன்றும் மனக்குறை உண்டு; அந்தத் தம்பிக்கு என் வாழ்நாள் நன்றி உண்டு.

இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். கிளிபிசைட் போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதோடு மூட்டை தூக்கும் உழைப்பும் சேர்ந்தால் தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கிளிபிசைட், கிளிக்கிளசைட், இன்சுலின் எடுப்பவர்கள்தாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை 4.0க்குக் கீழ் போனால் 15 கிராம் வேகமாகக் கரையும் சர்க்கரை உள்ளே போக வேண்டும்; 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்; ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம்; ஏறிய பிறகு முறையான உணவு. அளக்கக் கருவி இல்லாவிட்டால் அறிகுறியை நம்பி முதலில் சர்க்கரையை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்தால் அந்த 15 கிராம் கிடைத்துவிடும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. குளிர்பானங்களின் சர்க்கரை, கொழுப்பு அளவைப் பொறுத்து 'ஏ' முதல் 'டி' வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரை 2022 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 'பி' தரம் பெற்ற பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது. நாள்தோறும் குடிப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் சர்க்கரை தாழ்ந்த நேரத்தில் அப்படிப்பட்ட பானத்தை 150 மில்லிலிட்டர் குடித்தால் அதிகபட்சம் ஏழரை கிராம்தான் கிடைக்கும், தேவையில் பாதி. 'ஸீரோ' வகைப் பானங்களில் ஒன்றுமே கிடைக்காது. ஆகவே கைப்பையில் வைக்கும் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துவிட்டு வையுங்கள். அல்லது சிறு காகிதப் பொட்டலச் சர்க்கரை சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டர், மாத்திரை, குறிப்பேடு, சர்க்கரை, பிஸ்கட், தண்ணீர் ஆகிய ஆறும் ஒரே பையில், உங்கள் தோளில் இருக்க வேண்டும். லாரியில் ஏறக்கூடாது. உங்களோடு வேலை செய்பவர்களில் ஒருவரிடமாவது உங்களுக்கு நீரிழிவு இருப்பதைச் சொல்லிவைப்பது நல்லது; கூச்சப்பட வேண்டிய செய்தி இது அல்ல.

பிறகு நான் மருந்தகத்தைத் தொலைபேசியில் அழைத்து மருந்தாளரிடம் நடந்ததைச் சொன்னேன். உணவு கண்முன்னே வந்துவிடும் என்பது உறுதியாகும் வரை கிளிபிசைட்டை விழுங்க வேண்டாம் என்றும், ஒரு வேளை உணவைத் தவிர்க்க நேர்ந்தால் அந்த வேளைக்கான கிளிபிசைட்டையும் தவிர்க்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். உங்கள் மருந்துக்கு என்ன விதி என்பதை உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ வீடு மாறும் நாளுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை எனக்கு முன்கூட்டியே எவரேனும் நினைவூட்டியிருந்தால் அந்தக் காலை வேறுமாதிரி போயிருக்கும்.

குடிபோன பின் வந்த வாரங்கள்தாம் நீண்டவை. சமையலறை அலமாரிகளைப் பொருத்துவதாகச் சொன்ன தேதி தள்ளிக்கொண்டே போனது. கழக விதிப்படி ஓடு வெட்டுவது போன்ற சத்தமிகுந்த வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 மணிவரை மட்டுமே செய்யலாம். சனி, ஞாயிறுகளில் கூடாது. ஆகவே வார நாளில் ஒரு நாள் ஆள் வராவிட்டால் வேலை பல நாள் பின்தங்கிவிடும். புதிய புளோக்கில் மேலும் கீழும் பக்கத்திலும் எல்லா வீடுகளிலும் அதே நேரத்தில் துளையிட்டுக்கொண்டிருப்பார்கள். எரிவாயு இணைப்பு வரவில்லை, கழுவு தொட்டி வரவில்லை, தரையில் எப்போதும் வெள்ளைத் தூசி. குளிர்பதனப் பெட்டியும் முதல் நாள் உடனே பயன்படவில்லை. லாரியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்ததால், சில மணி நேரம் நிமிர்த்தி நிற்கவைத்த பிறகே இணைக்க வேண்டும் என்று இறக்கியவர்கள் சொல்லிப் போனார்கள். அண்ணி உறையவைத்துக் கட்டிக்கொடுத்த மீன் குழம்பும் கோழியும் அதற்குள் உருகிப்போயின. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த சமைத்த உணவை உண்ணக் கூடாது என்பதால் மொத்தத்தையும் கொட்டினேன். அண்ணியின் கைப்பக்குவத்தைக் குப்பையில் கொட்டியபோது அழுகை வந்தது.

அதன்பிறகு மூன்று வேளையும் வெளியே. அந்தக் காலத்தில் எங்கள் புளோக்கைச் சுற்றிக் கடைகள் குறைவு. புக்கிட் பாத்தோக்கிற்குப் பேருந்தில் போய்தான் பெரும்பாலும் சாப்பிட்டேன், அல்லது வீட்டுக்கு வரவழைத்தேன். காப்பிக்கடை உணவில் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது சோறு அல்ல, பானம். கெட்டிப்பால் கலந்த கோப்பியைக் களைப்பில் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அதைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்ட நாள்கள் உண்டு, ஏனென்றால் கோப்பியை உணவாகவே மனம் கருதுவதில்லை. கோப்பி ஓ கோசோங் என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கோப்பி சி கோசோங் என்றால் சர்க்கரையில்லாமல் ஆவியாக்கிய பால் மட்டும். இந்த இரண்டு சொற்களைப் பழக்கப்படுத்திக்கொண்ட பிறகு காலை அளவுகள் சற்று இறங்கின. கலந்த சோற்றுக் கடையில் முதலில் இரண்டு காய், ஒரு புரதம் என்று சுட்டிக்காட்டிவிட்டு, கடைசியில் "சோறு பாதி" என்று சொல்வதும் உதவியது. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டுக் கணக்கு, அதாவது பாதி காய்கனி, கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம் என்பது, வரிசையில் நிற்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள எளிது. அளவை எழுதுவதற்கு, தட்டின் பக்கத்தில் எப்போதும் அதே கரண்டியை வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கத் தொடங்கினேன். கரண்டியின் நீளம் தெரிந்தால் தட்டின் அளவும் தெரிந்துவிடும். உண்பதற்கு முன் ஒரு படம், மிச்சம் வைத்தால் பின் ஒரு படம். இரவில் களைத்துப் படுக்கும்போது நினைவிலிருந்து எழுதினால் பிஸ்கட்டும் பழச்சாறும் கோப்பியும்தான் முதலில் மறந்துபோகும், படம் மறக்காது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. ஒரு நாள் காலை 8 மணிக்குப் புக்கிட் பாத்தோக்கில் இரண்டு தோசை, சாம்பார். இரண்டு மணி நேரம் கழித்து 8.4. சில நாள் கழித்து அதே கடையில் வாங்கிவந்த அதே இரண்டு தோசை, அதே சாம்பார். ஆனால் இரவு 10 மணி தாண்டியிருந்தது. அப்போது 12.1. உணவு பத்தியில் இரண்டும் ஒரே வரி. இதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால், பார்ப்பவர் கருவியில் கோளாறு என்றோ நான் எதையோ மறைக்கிறேன் என்றோதானே நினைப்பார்? நெடுநேரம் அந்த இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைத் தோசைக்குப் பிறகு பேருந்து நிறுத்தம்வரை இருபது நிமிடம் நடந்திருக்கிறேன். இரவுத் தோசைக்கு முன் நாள் முழுவதும் தூசி துடைத்து, புதுப்பிப்பு வேலைக் குத்தகையாளரோடு தொலைபேசியில் வாதாடி, மதியம் ஒன்றும் உண்ணாமல், முந்தின இரவு நான்கு மணி நேரம் மட்டும் உறங்கியிருக்கிறேன். உண்டவுடன் மெத்தை விரித்துப் படுத்துவிட்டேன். உறக்கக் குறைவும் மன அழுத்தமும் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே. ஆனால் அவர்களிடம் நாம் கொடுக்கும் தாளில் அதற்கு இடமில்லை.

அன்றைக்கே அடிக்கோலை வைத்து ஐந்தாவது பத்தி ஒன்றைக் கோடு போட்டேன். அதற்குச் 'சூழ்நிலை' என்று பெயரிட்டேன். எத்தனை மணி நேரம் உறங்கினேன், எங்கே உண்டேன், உட்கார்ந்தா நின்றா, முந்தின வேளையைத் தவிர்த்தேனா, மூட்டை தூக்கினேனா, யாரோடாவது சண்டையா, உண்டபின் நடந்தேனா படுத்தேனா என்று நான்கைந்து சொற்களில் எழுதிவைத்தேன். "உறக்கம் 4, தரையில் அமர்ந்து, ஓடு பதிப்பவர் வரவில்லை, கோபம், மதியம் இல்லை" என்பது போன்ற வரிகள். இரண்டு வாரம் அப்படி எழுதிய பிறகு பக்கங்கள் பேசத் தொடங்கின. மதிய உணவைத் தவிர்த்த நாள்களின் இரவுகள் எல்லாமே உயர்ந்திருந்தன, ஏனென்றால் அந்த இரவுகளில் இரண்டு வேளைப் பசிக்கு ஒரே வேளையில் உண்டிருக்கிறேன். பத்து நிமிடமேனும் நடந்த வேளைகள் தாழ்ந்திருந்தன. என் சர்க்கரையை ஏற்றியது தோசை அல்ல, தோசையைச் சுற்றி இருந்த நாள் என்பது என் கையெழுத்திலேயே எனக்குத் தெரிந்தது. இதைப் படிப்பவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த ஐந்தாவது பத்தியை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சமையலறை இல்லாமலேயே சமைக்க முடியும் என்பதையும் அந்த வாரங்களில் கற்றேன். சோறு வேகவைக்கும் மின்பானை ஒன்று, தண்ணீர் காய்ச்சும் கெண்டி ஒன்று, இவை போதும். மின்பானையில் கைப்பிடி அரிசி வேகும்போதே மேல்தட்டில் முட்டையும் தோஃபுவும் கைலான் கீரையும் வெந்துவிடும். தகர டப்பாவில் வரும் கொண்டைக்கடலையைத் தண்ணீரில் அலசிவிட்டு வெள்ளரிக்காயும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்தால் இரவு உணவு. பாத்திரம் கழுவக் குளியலறைக் குழாய்தான். அது எளிதல்ல, ஆகவே ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி என்று வைத்துக்கொண்டேன். அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகள் இரண்டை ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டக் கூடாது. இதை முதல் வாரமே தொடங்கியிருக்கலாம். ஆனால் மின்பானை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது தெரியவே நாளாயிற்று. பெட்டிகளின் மேல் "சமையலறை" என்று மட்டும் எழுதாதீர்கள். "முதல் வாரச் சாப்பாடு" என்று ஒரு பெட்டியைத் தனியாகக் கட்டி, அதைக் கடைசியாக ஏற்றி முதலில் இறக்கச் சொல்லுங்கள்.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். அண்ணி வீட்டில் உணவுக்கென்று நான் கொடுத்துவந்ததைக் காட்டிலும், சமையலறை முடியும்வரை வெளியே உண்டதற்கு ஏறக்குறைய 600 வெள்ளி கூடுதலாகச் செலவானது. வீட்டுக்கு உணவு கொண்டுவரும் கட்டணமே அதில் கணிசமான பங்கு. கொட்டிய உணவின் மதிப்பு 80 வெள்ளி இருக்கும். இரண்டு மடங்காகச் செலவான சோதனைப் பட்டைகள் தனி. வீட்டுப் புதுப்பிப்புக்காகப் போடும் பட்டியலில் விளக்கு, திரைச்சீலை, அலமாரி என்று ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதுகிறோம், சமையலறை இல்லாத வாரங்களின் சாப்பாட்டுக்கு எழுதுவதில்லை. அதற்கும் ஒரு தொகையை ஒதுக்கியிருந்தால், மாதக் கடைசியில் மலிவான வறுத்த பீஹூனைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடி எனக்கு வந்திருக்காது.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வந்தபோது எச்பிஏ1சி அளவு முந்தைய சோதனையைவிட உயர்ந்திருந்தது. ஏறக்குறைய மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை அது. வீடு மாறிய காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் கிளிபிசைட்டின் அளவைக் கூட்டுவதுதான் இயல்பான முடிவாக இருந்திருக்கும் என்று மருத்துவரே சொன்னார். ஆனால் அவர் குறிப்பேட்டை வாங்கி ஐந்தாவது பத்தியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். லாரி வந்த நாளின் தாழ்வைப் பற்றிய பக்கத்தில் நிறுத்தி, அதன்பிறகு அப்படி நேர்ந்ததா என்று கேட்டார். மருந்தைக் கூட்டவில்லை, சமையலறை வந்துவிட்டதால் அடுத்த சோதனைவரை பார்க்கலாம் என்றும், மதிய உணவை எக்காரணத்தாலும் தவிர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். உணவியல் நிபுணர் அந்தப் பத்தியைப் படியெடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். மகிழ்ச்சியோடு கொடுத்தேன். அடுத்த சோதனையில் எண் பழைய நிலைக்கு இறங்கியது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. குடிபெயர்ந்த 28 நாள்களுக்குள் அடையாள அட்டையின் முகவரியை மாற்றிப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதை நான் இணையம்வழி உரிய காலத்தில் செய்துவிட்டேன். ஆனால் மாத்திரைகளை வீட்டுக்கு அனுப்பும் பதிவில் பழைய முகவரியே இருந்தது. என் பொட்டலம் ஈசூனுக்குப் போய்விட்டது. அண்ணன் வேலை முடிந்து அதை எடுத்துக்கொண்டு தெங்காவரை வந்தார். மருந்தகத்தை அழைத்துத் தனியாகச் சொன்ன பிறகே அந்தப் பதிவு மாறியது. மாத்திரையையும் சோதனைப் பட்டைகளையும் வரவழைப்பவர்கள் குடிபோகும் முன்பே அந்த அழைப்பைச் செய்துவிடுங்கள். கையிருப்பிலும் இரண்டு வாரத்துக்கு அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள்.